கரைப் பறவையும் கமராவும்: எதை வைப்பது, எதை அழிப்பது?

கொழும்பு 2 என்று தபால்காரர்கள் குறிக்கும் எங்கள் பகுதிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் அது கொம்பனியின் தெரு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் நினைவு அப்பெயரிலே தங்கியிருக்கிறது. ஆங்கிலத்திலோ அது நெடுங்காலம் அடிமைத் தீவு என்று வழங்கி வந்தது. பேர வாவியின் நீரால் சூழப்பட்டிருந்த இந்நிலத்திலேதான் அக்கொம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்திருந்தது. ஒரே மண்ணுக்கு எழுந்த இரு பெயர்களில் ஒன்று எசமானனை நினைவில் வைத்து அடிமையைக் கைவிட்டது. மற்றையது அடிமையை நினைவில் வைத்து எசமானனைக் கைவிட்டது. இரண்டும் பொய்யான பெயர்கள் அல்ல. ஆயினும் ஒன்றை மாத்திரம் அறிந்தவனுக்குப் பாதி வரலாறே கிடைக்கும்.

இதை நினைவூட்டியது ஒரு பறவைப் படம்.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இளைஞர் ஒருவர் ஓய்வு நேரங்களிற் கமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குச் செல்பவர். கொம்பனித்தெருவிலிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கரையோரப் பாறைகளில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் உள்ளானிலே தொடங்கிய அவரது ஆர்வம், பின்னர் வடக்கே நீர்கொழும்பு வரையுள்ள கரைகளுக்கும் பரவிற்று. சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலையில் வந்து, போட்டியொன்றுக்கு அனுப்பவிருக்கும் படத்தைக் காட்டினார். 2021ஆம் ஆண்டின் இறுதியில் பமுனுகமவுக்கு அண்மையிலுள்ள கரையில் எடுத்தது. ஈரமணலில் ஓர் உப்புக்கொத்தி ஒற்றைக் காலை முன்வைத்து நிற்கிறது. பின்னால் மங்கலான அலை. குறை சொல்ல முடியாத படம்.

"இந்தக் கரையிலே அந்த நேரம் வெள்ளை உருண்டைகள் கிடந்திருக்க வேண்டுமே?" என்று கேட்டேன்.

அவர் தொலைபேசியிலே இன்னொரு படத்தைக் காட்டினார். அதே பறவை, அதே அலை. மணலில் மாத்திரம் பருப்பளவான வெண்ணிற உருண்டைகள் சிதறிக் கிடந்தன.

"அங்கிள், நான் குப்பையைத்தானே அழிச்சனான்? பறவையில கை வைக்கேல்லையே."

அவரது கேள்வி நியாயமானது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிச் சென்றபோது எதிர்ப்பட்ட செய்திகளையே இங்கு எழுதுகிறேன்.

தூரிகையின் காலம்

இலங்கைப் பறவைகளைப் படமாக்கும் முயற்சி கமராவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டன் இயற்கை வரலாற்றிலே பெரும் ஈடுபாடு கொண்டவர். இலங்கையிற் பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவர் என்ற ஓவியரைக் கொண்டு அவர் பறவைகளையும் பிராணிகளையும் நீர்வண்ணத்தில் வரைவித்தார். நம் வீட்டு முற்றங்களிலும் தேன் குடிக்க வரும் நீண்ட அலகுடைய தேன்சிட்டு ஒன்று இன்றும் லோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வோவியங்கள் பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1769இல் தோமஸ் பெனன்டும் 1776இல் பீட்டர் பிரவுனும் வெளியிட்ட நூல்களுக்கு அவற்றைப் பார்த்து வேறு கலைஞர்கள் படிகள் வரைந்தார்கள். இந்தப் பறவைகளை உயிரோடு காணாத கைகளின் வழியாகவே அவை ஐரோப்பிய வாசகரைச் சென்றடைந்தன.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் வின்சென்ட் லெக். அரச பீரங்கிப் படையின் அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணிபுரிந்த அவர், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு, இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகும். அதற்குப் படம் வரைந்தவர் லண்டனில் வாழ்ந்த ஒல்லாந்த ஓவியர் யோன் ஜெராட் கோய்லமன்ஸ். அவர் முன்னே இருந்தவை பதப்படுத்தப்பட்ட பறவைத் தோல்களே.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பறவை இறந்தபின் அதன் இறகின் நிறம் நெடுங்காலம் நிலைக்கும். ஆனால் கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறம் விரைவில் மங்கிப்போகும். ஆகையினாலேதான் அக்காலத்து ஆய்வாளர்கள் பறவை கையில் கிடைத்தவுடனேயே அந்நிறங்களைக் குறித்துவைத்தார்கள். லெக்கின் நூலிலும் ஒவ்வொரு பறவைக்கும் கண்மணி, அலகு, கால் என்பவற்றின் நிறங்கள் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கின்றன. ஓவியன் தன் விருப்பப்படி நிறம் தீட்டிவிடக் கூடாது என்ற அக்கறை அந்த வரிகளில் தெரிகிறது.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, பறவைகளைக் காட்டிலும் கரையிலும் நேரில் நோக்கி வரைந்தவர். அவருடைய வண்ணப் படங்கள் 1927க்கும் 1935க்கும் இடையில் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. 1955இல் வெளிவந்த அவரது வழிகாட்டி நூல் பல தலைமுறை ஆர்வலர்களின் கைந்நூலாயிற்று. ஹென்றியின் ஓவியத்திலே ஒரு கிளை இல்லாமலிருக்கலாம், ஓர் இலை கூடியிருக்கலாம். அதைப் பார்த்து எவரும் ஏமாறுவதில்லை. ஓவியம் என்பது தேர்ந்தெடுத்து வரைவது என்பதை யாவரும் அறிவர். புகைப்படமோ, "இது என் முன்னே இருந்தது" என்ற வாக்குறுதியோடு வருகிறது. சிக்கல் அந்த வாக்குறுதியிலே தொடங்குகிறது.

இரண்டு நெகட்டிவ், ஒரு கடல்

கணினி வந்தபின்னரே புகைப்படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று பலர் எண்ணுகின்றனர். திருத்தத்தின் வரலாறு கடற்கரையிலேயே, அதுவும் புகைப்படக் கலையின் இளம் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1856, 1857ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லு கிறே எடுத்த கடற்காட்சிகள் உலகை வியக்க வைத்தன. அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல நிறத்தை மிகையாக உணரும். கடல் தெளிவாகப் பதிந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானம் பதிந்தால் கடல் இருண்டுவிடும். லு கிறே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு வேறொரு நெகட்டிவ் என இரண்டை இணைத்து அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் மிதப்பதும் உண்டு. அந்தப் படங்கள் கண் கண்ட காட்சிக்கு நெருக்கமானவையா, அல்லது கண்ணெதிரே ஒருபோதும் நிகழாத காட்சியா? இரண்டும் உண்மை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலே இத்தகைய இருட்டறை வித்தைகளை உயர்ந்த கலையாக்கியவர் லயனல் வென்ட் (1900–1944). சட்டம் பயின்றவர், பியானோ வாசித்தவர், 43ஆம் குழு ஓவியர்களை ஒன்றிணைத்தவர். ஒளியையும் நிழலையும் தலைகீழாக்கும் முறைகளையும், பல படங்களை ஒன்றாக ஒட்டும் முறையையும் அவர் கையாண்டார். பசில் ரைட் 1934இல் இயக்கிய 'இலங்கைப் பாடல்' என்ற ஆவணப்படத்தில் ஒலிக்கும் வர்ணனைக் குரலும் வென்டுடையதே. அப்படத்திலே கோவில் மணியின் ஓசையும், புத்தர் சிலைகளும், நீரின் மேலாகப் பறந்து செல்லும் ஒரு பறவையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பகுதி சினிமா மாணவர்களுக்கு இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது. அந்தப் பறவைக்கு அந்த மணி கேட்டிருக்க நியாயமில்லை. ஒலி லண்டனிலே சேர்க்கப்பட்டது.

வென்டை எவரும் பொய்யர் என்பதில்லை. அவர் தன் படங்களைச் சாட்சியமாக முன்வைக்கவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சென்னை இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையிலே யானைகளையும் பறவைகளையும் படமெடுத்தார். உலகம் கறுப்பு வெள்ளை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அங்கேயும் ஏமாற்று இல்லை. பார்ப்பவன் எதை நம்பும்படி அழைக்கப்படுகிறான் என்பதைப் பொறுத்தே திருத்தத்தின் நியாயமும் அநியாயமும் அமைகின்றன.

பத்திரிகைக்காரனின் ஒப்புதல்

பத்திரிகைப் புகைப்படமும் இயற்கைப் புகைப்படமும் சாட்சியமாக நம்பும்படியே வாசகனை அழைக்கின்றன. இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பணிபுரிந்த பத்திரிகையொன்றின் வார இணைப்புக்கு வலசைப் பறவைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கிடைத்த படத்திலே நாலைந்து பறவைகளே இருந்தன. பக்கம் வெறுமையாகத் தெரிந்தது. ஓவியப் பிரிவிலிருந்த அண்ணர் ஒருவர் வேறொரு படத்திலிருந்த பறவைகளைக் கத்தரித்து ஒட்டி, விளிம்புகளை வெள்ளை மையால் மறைத்து, சிறிய கூட்டத்தைப் பெரிய கூட்டமாக்கித் தந்தார். அக்காலத்திலே இது அன்றாட வேலை. தலைவர்களின் தலைக்குப் பின்னாலிருந்த மின்கம்பங்கள் இப்படித்தான் மறைந்தன. நான் மகிழ்ச்சியோடு, 'ஆயிரக்கணக்கிற் குவியும் விருந்தாளிகள்' என்று படவிளக்கம் எழுதினேன்.

இரண்டு வாரங்களின் பின் ஒரு தபாலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்தக் களப்பில் ஆண்டுதோறும் பறவைகளை எண்ணி வருபவராம். "தங்கள் படத்திலே சில பறவைகளின் நிழல் கிழக்கேயும் சிலவற்றின் நிழல் மேற்கேயும் விழுகின்றன. அன்று அங்கே இரண்டு சூரியன்கள் இருந்தனவா?" என்று கேட்டிருந்தார். அதன் கீழ் ஒரு வரி: "இவ்வாண்டு பறவைகள் குறைந்துவிட்டன என்று நான் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் உங்கள் படத்தைக் காட்டுகிறார்கள்."

அந்தத் தபாலட்டைக்கு நான் பதில் எழுதவில்லை. திருத்தமும் வெளியிடவில்லை. அந்த வெட்கம் முப்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

உலகின் பெரிய பத்திரிகைகளும் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. 1982 பெப்ரவரி இதழின் அட்டையில் நஷனல் ஜியோகிரபிக், எகிப்தின் பிரமிட்டுகளைக் கணினியால் ஒன்றையொன்று நெருங்கச் செய்தது. கிடையான படத்தை நெடிய அட்டைக்குள் அடக்குவதற்காகச் செய்த வேலை அது. பெருங்கண்டனம் எழுந்தது. 2003இல் ஈராக் போரின்போது லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் இரண்டு படங்களை ஒன்றாக்கி அனுப்பி வேலையை இழந்தார். 2010இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. பரிசு பெற்ற ஒருவர், தன் வண்ணப் படத்தின் பெரும்பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சொரசொரப்பான கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார். நடுவர்கள் அதை ஏற்றார்கள். ஆனால் பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தின் சிறு துண்டை அவர் அழித்திருந்தது தெரியவந்ததும் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியில் 2015இல் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய காரணங்களால் விலக்கப்பட்டது.

படத்தின் பெரும்பகுதியை வெட்டலாம், ஒரு பாதத்தை அழிக்கக் கூடாது என்பது முதலில் விசித்திரமாகவே படும். வெட்டும்போது சட்டகம் சிறிதாகிறது. அதனுள்ளே எஞ்சியது அப்படியே இருக்கிறது. அழிக்கும்போதோ, இருந்த ஒன்றின் இடத்தில் இல்லாத ஒன்று வரையப்படுகிறது. அழித்த இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. மென்பொருள் அங்கே பொய் மணலை நிரப்புகிறது.

கமரா காணும் மணல்

அப்படியானால் எந்தத் திருத்தமும் கூடாதா? அப்படிச் சொல்பவர் கமராவை அறியாதவர்.

கடற்கரையில் வெண்மணலை நோக்கிக் கமராவைத் திருப்புங்கள். கமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி யாவும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமானது என்ற எடுகோளிலே இயங்குவது. பளிச்சிடும் மணலைக் கண்டதும் ஒளி அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். விளைவு: வெண்மணல் சாம்பலாகவும், அதன் மேல் நிற்கும் பறவை கருமையாகவும் பதியும். இதைக் கணினியிலே வெளிச்சமாக்குவது பொய்யாகாது. கண் கண்ட உண்மைக்குப் படத்தை மீட்டுவருவதாகும். நிழலின் மிகை நீலத்தைத் தணிப்பதும், சாய்ந்துபோன தொடுவானத்தை நிமிர்த்துவதும், கமராவின் உணரியில் ஒட்டிய தூசி படத்திலே விழுத்திய புள்ளியை நீக்குவதும் இவ்வகையின. அந்தத் தூசி கரையில் இருக்கவில்லை, கமராவில் இருந்தது.

மேலும், 'திருத்தப்படாத படம்' என்று ஒன்று கிடையாது. கமராவின் உணரியிலே பதியும் மூலக்கோப்பு கண்ணுக்கு உவப்பான படமாக இருப்பதில்லை. தொலைபேசியிலோ கமராவிலோ நாம் உடனே காணும் படம், எங்கோ ஒரு தொழிற்சாலையின் பொறியியலாளர் வகுத்த விதிகளின்படி நிறமும் கூர்மையும் ஏற்றப்பட்டது. மூலக்கோப்பைப் பாதுகாத்து வைத்து நாமே பக்குவப்படுத்துவது, அந்தப் பொறியியலாளரின் தீர்மானத்துக்குப் பதிலாகப் பறவையை நேரிற் கண்டவரின் தீர்மானத்தை வைப்பதாகும். பெரிய போட்டிகள் மூலக்கோப்பைக் கேட்பதன் காரணமும் இதுவே. இரண்டையும் அருகருகே வைத்தால் மீட்டது எது, புனைந்தது எது என்பது வெளிப்பட்டுவிடும்.

சர்வதேசப் புகைப்படக் கலைச் சம்மேளனம், அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரித்தானிய அரச புகைப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014இல் இயற்கைப் புகைப்படத்துக்கு ஒரே வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டன. வெட்டுவதைத் தவிர, படத்திலுள்ள எதையும் சேர்க்கவோ இடம்மாற்றவோ நீக்கவோ கூடாது என்பது அதன் சாரம். ஒளியையும் நிறத்தையும் சீர்செய்யலாம், ஆனால் அது இயல்பாகத் தோன்றவேண்டும். பறவையின் காலிலுள்ள ஆய்வு வளையங்கள் இருக்கலாம் என்றும் அது வெளிப்படையாகக் கூறுகிறது.

காலின் நிறமே பெயர்

இந்த விதிகள் வெறும் போட்டி விதிகள்தாமா? கரைப் பறவைகளைப் பொறுத்தவரை அவற்றிற்கு ஆழமான காரணம் உண்டு.

கிளியையும் மயிலையும் எவரும் அடையாளம் கண்டுவிடுவர். கரைப் பறவைகளில் பெரும்பாலானவை பழுப்பும் வெள்ளையும் கலந்தவை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் கொண்டே. தமிழில் அவற்றின் பெயர்களே அதைச் சொல்கின்றன: பவளக்காலி, பச்சைக்காலி. மாலை வெயிலை இன்னும் பொன்னாக்க வேண்டும் என்று நிறத்தின் அளவுகோலைச் சற்றே தள்ளினால், பச்சைக்காலியின் கால் மஞ்சளாகும், பவளக்காலியின் கால் தீயாகும். காலின் நிறத்தை மாற்றுபவர் பறவையின் பெயரையே மாற்றுகிறார். லெக் ஒவ்வொரு பறவையின் கால் நிறத்தையும் எழுதிவைத்த அக்கறையை, நாம் ஒரு விரலசைவில் அழித்துவிடுகிறோம்.

மன்னாரின் மணற்பரப்புகளில் ஆண்டு முழுவதும் வாழ்ந்து, அங்கேயே தரையில் முட்டையிடும் ஒரு சிறு உப்புக்கொத்தி உண்டு. வடக்கிலிருந்து வலசை வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் கிளையினமாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது. 2023இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, அது தனியினம் என்று நிறுவினார்கள். இராமர் அணையை அண்டி வாழ்வதால் அதற்கு அனுமான் உப்புக்கொத்தி என்று பெயராயிற்று. அதற்கும் அதன் வடநாட்டு உறவினருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் மிக நுண்மையானவை. நம் கண்முன்னே நெடுங்காலம் நின்றும் இனங்காணப்படாதிருந்த பறவை அது. நாளை இவ்வாறு இன்னொன்றை இனங்காண விரும்பும் ஆய்வாளர் இன்றைய படங்களையும் தேடிப் பார்ப்பார். நிறம் கொட்டிய படங்கள் அவருக்கு எதற்கும் உதவா.

கூட்டத்தின் கதையும் இதுவே. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. நம் களப்புகளிலும் ஆர்வலர்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். பெருங்கூட்டம் எழும்போது படமெடுத்துப் பின்னர் புள்ளி புள்ளியாக எண்ணுவதும் வழக்கம். 1994இல் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஆர்ட் வூல்ஃப் விலங்குக் கூட்டங்களைப் பற்றி வெளியிட்ட நூலிலே, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு படங்கள் கணினியாற் கூட்டப்பட்டவை. கோலம் முழுமை பெறுவதற்காக இடைவெளிகளில் விலங்குகள் நிரப்பப்பட்டிருந்தன. அதை அவர் நூலிலேயே சொல்லியிருந்தார். ஆயினும் சர்ச்சை அடங்கவில்லை. படம் நூலைவிட்டு வெளியேறியபின் முன்னுரை அதனோடு கூடச் செல்வதில்லை. எங்கள் ஓவியப் பிரிவு அண்ணரின் கத்தரிக்கோலும் அதே வேலையைத்தான் செய்தது. என்னிடம் முன்னுரைகூட இருக்கவில்லை.

காலிலுள்ள வளையமும் கொடியும் அழகைக் கெடுப்பதாக எண்ணி அழிப்போரும் உண்டு. தமிழ்நாட்டின் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகின்றனர். இத்தகைய கொடிகளின் நிறமும் எழுத்தும் அப்பறவை எந்த நாட்டில், எந்தக் குழுவினாற் பிடித்து விடப்பட்டது என்பதைச் சொல்லும். ஒரு கொடியை அழிப்பது ஒரு பயணக் கதையை அழிப்பதாகும்.

கமராவுக்கு முன்னே நிகழும் திருத்தம்

இன்னொரு வகைத் திருத்தத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அது கணினியில் நிகழ்வதன்று. கூட்டம் ஒருங்கே எழும் காட்சிக்காகக் கல்லெறிகிறார்கள், ஓடிச்சென்று கலைக்கிறார்கள். மணலிலே முட்டையிட்டிருக்கும் உப்புக்கொத்தியை நெருங்கி நின்று, அது திரும்பி வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் வேகின்றன. வலசைப் பறவை ஒவ்வொரு முறை கலைக்கப்படும்போதும், திரும்பிச் செல்லும் நீண்ட பயணத்துக்காகச் சேமித்த கொழுப்பிலே சிறிது செலவாகிறது. அப்படி எடுத்த படத்தில் ஒரு புள்ளியையும் மாற்றாமலிருக்கலாம். அது எவ்விதத்தில் நேர்மையான படமாகும்?

லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததும் 2010 ஜனவரியிற் பரிசு பறிபோனது. 2017இல் அதே போட்டியில் வென்ற ஓர் எறும்புதின்னியின் படமும், அது பஞ்சடைத்த உடலம் என்று தெரியவந்தபின் 2018இல் விலக்கப்பட்டது. இரண்டிலும் குற்றம் கணினியில் நிகழவில்லை.

உருண்டைகளின் சாட்சியம்

இனி, இளைஞரின் படத்துக்கு வருகிறேன்.

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. நைத்திரிக் அமிலம் உட்பட 1,486 கொள்கலன்களோடு வந்த கப்பல் அது. யூன் மாதத்தில் மூழ்கிப்போயிற்று. அதிலிருந்த பிளாஸ்ரிக் மூலப்பொருள் உருண்டைகள் ஏறத்தாழ 1,680 தொன். அவை மேற்குக் கரையெங்கும் பனிபோல் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமற் போயிற்று. ஆமைகளின் உடல்கள் கரையொதுங்கின. வழக்குகள் நடந்தன. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி கட்டளையிட்டது.

அந்த உருண்டைகளையே என் இளம் நண்பர் 'குப்பை' என்று அழித்தார். அவர் மனதிலே தீய எண்ணம் சிறிதும் இல்லை. அழகான பறவைக்கு அழகான மணலைக் கொடுக்க விரும்பினார். ஆனால் 2021ஆம் ஆண்டின் கடைசியில், பமுனுகமக் கரையில், ஓர் உப்புக்கொத்தி எந்த மணலில் இரை தேடிற்று என்ற கேள்விக்கு, அவரது திருத்திய படம் பொய்யான பதிலைச் சொல்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைப் பார்க்கும் ஒருவர், அந்த ஆண்டிலே அக்கரை தூய்மையாக இருந்தது என்றே எண்ணுவார். நம் தபாலட்டை ஆசிரியர் சொன்னாரே, "அவர்கள் உங்கள் படத்தைக் காட்டுகிறார்கள்" என்று. அதே கதைதான்.

இன்று தொலைபேசியில் விரலால் வட்டமிட்டால் போதும், வேண்டாதது மறைந்துவிடும். அங்கே வேறு மணல், வேறு அலை, ஏன், வேறு பறவையே தோன்றிவிடும். முன்னர் இதற்கு ஓவியப் பிரிவும் கத்தரிக்கோலும் ஒரு மாலைப் பொழுதும் தேவைப்பட்டன. செய்வது எளிதாகிவிட்டதனால், செய்யாமலிருப்பதற்கான மனவுறுதி முன்னரைவிட அதிகம் வேண்டியிருக்கிறது.

இளைஞரிடம் நான் சொன்னது இவ்வளவே. வெளிச்சத்தைக் கூட்டுங்கள், குறையுங்கள். நீங்கள் அன்று கண்ட மணல் எவ்வளவு வெண்மையோ அந்த அளவுக்குக் கூட்டுங்கள். தொடுவானத்தை நிமிர்த்துங்கள். வெட்டுவதானால் வெட்டுங்கள், ஆனால் வெட்டியதனால் மாறும் பொருளைப் படவிளக்கத்திலே சொல்லிவிடுங்கள். காலின் நிறத்தைத் தொடாதீர்கள். இருந்ததை எடுக்கவும் இல்லாததைச் சேர்க்கவும் வேண்டாம். சுவரிலே மாட்டி மகிழ்வதற்காக எதையேனும் அழித்தீர்களாயின், அழித்தேன் என்று அதன் கீழே எழுதுங்கள். மூலக்கோப்பை, திகதியும் இடமும் குறித்து, பத்திரமாக வையுங்கள்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. "அழுக்கான படத்துக்கு ஆர் அங்கிள் பரிசு தருவினம்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. தராமலும் போகலாம் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்த மூலப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். கணினித் திரையிலே பெரிதாக்கிப் பார்த்தேன். பறவையின் முன்வைத்த காலருகே மாத்திரம் ஏழு உருண்டைகள். அவற்றில் ஒன்றின் பக்கமாக அலகு சற்றே தாழ்ந்திருந்தது. திருத்திய படத்தில் அப்பறவை தலைகுனிந்து நின்றதன் காரணம் எனக்கு விளங்கியிருக்கவில்லை. இப்பொழுது விளங்கிற்று.